ஆறு இல்லாத படித்துறை

நாகார்ஜுனகொண்டா மலைமேல் ஒரு படித்துறை இருக்கிறது. சாம்பல் நிறத்தில் லேசாகப் பச்சை ஓடும் சுண்ணாம்புக்கல் பலகைகளை வரிசை வரிசையாகப் பதித்த படிகள். இறங்கிப் போனால் கடைசிப் படிக்குக் கீழே தண்ணீர் கிடையாது, மண்ணும் புல்லும்தான். ஏறத்தாழ 1,700 வருடங்களுக்கு முன்னால் இந்தத் துறை கீழே பள்ளத்தாக்கில், கிருஷ்ணா நதிக்கரையில் இருந்தது. விஜயபுரி என்ற தலைநகரத்து மக்கள் குளிக்க இறங்கிய துறை. அந்தக் கரை இன்று நாகார்ஜுன சாகர் நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. மலை, தீவாகிவிட்டது. படித்துறையைப் பெயர்த்து மேலே கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள்.

நான் செகந்திராபாத்தில் ஒரு கட்டடப் பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அப்பா கொத்தனார். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது சாரம் ஏறுவதில்லை. ஆனால் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் பார்க்கும் பழக்கம் போகவில்லை. பொங்கல் கழிந்து எங்களோடு சில நாள் இருக்க வந்தவரை நாகார்ஜுன சாகருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அணையைக் காட்டத்தான் முதலில் நினைத்தேன். 124 மீட்டர் உயரத்துக்குக் கல்லால் எழுப்பிய அணை. அவருக்குப் பிடிக்கும் என்று தெரியும். பிடித்தது. ஆனால் வீடு திரும்பிய பிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தது அந்தப் படித்துறையைப் பற்றித்தான்.

படியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் கல்லின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். இரண்டு பலகை சேரும் இடத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“இது கடப்பாக் கல்லு மாதிரி பலகை பலகையாப் பிளக்குற சாதி. நல்ல கல்லு. சரித்தா, இந்தத் துறைக்கு வர்ற தெரு எங்க இருந்துச்சு?”

என்னிடம் பதில் இல்லை. கட்டடத்தைப் பார்த்ததும் அதற்கு வரும் வழியைக் கேட்பது அவர் தொழில் புத்தி. செங்கல் வண்டி எந்தப் பக்கமாக வரும், தண்ணீர் எங்கே போகும், வாசல் எதைப் பார்த்திருக்கிறது, இதெல்லாம் தெரியாமல் அவர் ஒரு கல்லும் வைத்ததில்லை. இடம் மாற்றிக் கட்டிய கற்களைப் பார்க்கப் போகிற எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கல் பத்திரமாக இருக்கிறது. எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் தண்ணீருக்குள் போய்விட்டது. அதைத் திரும்பப் பிடிக்க வழி இருக்கிறது, கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆந்திராவின் பல்நாட்டுப் பகுதியில், மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கிருஷ்ணாவுமாக அடைபட்ட பள்ளத்தாக்கு இது. சாதவாகனர்களுக்குப் பிறகு, கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், இட்சுவாகு மரபினர் இங்கிருந்து ஆண்டார்கள். சாந்தமூலன், அவன் மகன் வீரபுருஷதத்தன், பேரன் எகுவுல சாந்தமூலன், பிறகு ருத்ரபுருஷதத்தன். நான்கு தலைமுறையில் கதை முடிந்தது. நகரம் காட்டுக்குள் மறைந்தது. பின்னாளில் மலைமேல் ஒரு கோட்டை வந்தது. பள்ளத்தாக்கில் புல்லரெட்டிகூடெம் என்ற சிறு ஊர் இருந்தது.

அந்த மேடுகளுக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் கவனித்துச் சொன்னவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மாச்சர்லாப் பக்கத்து சூரபராஜு வெங்கடராமையா. அங்கே நின்ற பழைய தூண் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தகவல் கொடுத்தார். அப்போது பல்நாடு சென்னை மாகாணத்தில் இருந்ததால் விஷயம் சென்னைக்குத்தான் வந்தது. 1926-ல் சென்னைக் கல்வெட்டுத் துறையில் தெலுங்கு உதவியாளராக இருந்த ரங்கசாமி சரஸ்வதி நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்தார். அடுத்த வருடமே தொல்லியல் துறையின் லாங்ஹர்ஸ்ட் தோண்ட ஆரம்பித்து 1931 வரை தோண்டினார். 1938 முதல் 1940 வரை டி.என். இராமச்சந்திரன். அதோடு நிதானமாகத் தோண்டிய காலம் முடிந்தது.

அணை கட்டுவது என்று முடிவான பிறகு, 1954-ல் ஆர். சுப்பிரமணியம் தலைமையில் பெரிய அகழாய்வு தொடங்கியது. அடுத்த வருடம் டிசம்பர் 10-ம் தேதி நேரு அணைக்கு அடிக்கல் நாட்டினார். ஒரு பக்கம் சுவர் எழும்பிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். 1960 வரை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைத் திறந்தார்கள். கற்காலக் கருவிகள், பெருங்கற்கால ஈமக்குழிகள், பௌத்தத் துறவிகள் தங்கிய விகாரைகள், தூபிகள், கோயில்கள், கோட்டை, குளங்கள், வீடுகள். ஒரு முழு நகரத்தையும் அதற்கு முந்தைய பல்லாயிரம் வருட வாழ்க்கையையும் ஆறு வருடத்தில் படித்து முடிக்க வேண்டிய நிலைமை. தண்ணீர் வரும் தேதி குறித்தாகிவிட்டது என்று தெரிந்தே தினமும் காலையில் தார்ப்பாயை விலக்கியவர்களை நினைத்தால் எனக்கு மரியாதையாக இருக்கிறது.

எல்லாவற்றையும் தூக்க முடியாது. மலைமேல் ஒன்பது கட்டுமானங்களை அசல் அளவிலேயே திரும்பக் கட்டினார்கள். இன்னும் சிலவற்றை அளவு குறைத்த மாதிரிகளாக வைத்தார்கள். கிழக்குக் கரையில் அனுப்பு என்ற இடத்தில் அரங்கம், விகாரை, ஹாரீதி என்ற பெண்தெய்வத்தின் கோயில் ஆகியவை வந்தன. 1966-ல் தீவில் அருங்காட்சியகம் வந்தது. 1967 ஆகஸ்ட் 4-ம் தேதி இந்திரா காந்தி அணையைத் திறந்து கால்வாய்களில் தண்ணீர் விட்டார். அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் ஹைதராபாத்தில் இருக்கும் நாங்கள் சாப்பிடுகிறோம். அணை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு கட்டடத்தைப் பெயர்த்து வேறிடத்தில் வைப்பது எப்படி என்று யோசித்தால், என் வேலை அங்கேதான் தொடங்குகிறது. கல்லைத் தொடுவதற்கு முன் வரைபடம். மேலிருந்து ஒன்று, ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒன்று, நடுவில் வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று. ஒவ்வொரு கல்லுக்கும் படத்தில் ஓர் எண், கல்லில் அதே எண். எந்த மட்டத்தில் உட்கார்ந்திருந்தது, எத்தனை சாய்மானம், எல்லாம் குறிப்பில் வர வேண்டும். இந்தக் காகிதம் தொலைந்தால் கற்கள் வெறும் குவியல்தான். அப்பாவுக்கும் இது தெரியும். ஊரில் அம்மன் கோயில் மண்டபத்தைப் பிரித்துக் கட்டியபோது தூண்களுக்குச் சுண்ணாம்பால் குறி போட்டவர்.

“எண்ணு போட்டுட்டா கல்லு தொலையாது. ஆனா வாசல் எந்தத் திசையப் பாத்துச்சுன்னு யாராச்சும் எழுதி வைக்கணும்ல,” என்றார்.

எழுதி வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்துக்குள், மூழ்குவதற்கு முன் பள்ளத்தாக்கு இருந்தபடிக்குச் செய்த பெரிய மாதிரி ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் புத்தர் சிலைகளின் முன்னால் படம் எடுத்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். படகு திரும்பும் நேரம் அவர்களைத் துரத்துகிறது, புரிகிறது. ஆனால் அந்தத் தீவில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் இந்த மாதிரியைத்தான் சொல்வேன்.

அதன் முன் அப்பாவும் நானும் வெகுநேரம் நின்றோம். ஆற்றின் வலக்கரையில் மதில் சூழ்ந்த கோட்டை. சாந்தமூலன் அசுவமேதம் செய்தவன். வேள்வி முடிந்து நீராடியது என்று ஆய்வாளர்கள் கருதும் கற்குளம் கோட்டைக்குள்ளேயே வருகிறது. ஆற்றை ஒட்டி வரிசையாகச் சைவ, வைணவக் கோயில்கள். புஷ்பபத்ரசுவாமி என்ற சிவன், எட்டுக் கையுடைய அஷ்டபுஜசுவாமி என்ற திருமால். கார்த்திகேயனுக்கும் இந்த நகரத்தில் கோயில் இருந்தது என்று சொன்னதும் அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“முருகனா? அந்தக் காலத்துலயேவா?”

“ஆமாப்பா. கல்லுல செஞ்ச சிலையே கெடச்சிருக்கு.”

கோட்டைக்குக் கிழக்கே போகப் போக விகாரைகளும் தூபிகளும். கற்களைத் தனித்தனியாக மேலே பார்த்தபோது எனக்கு வராத ஒன்று இங்கே வந்தது. வேள்வி செய்த அரசனும் புத்தருக்குத் தூபி எழுப்பிய அவன் உடன்பிறந்தவளும் ஒரே பள்ளத்தாக்கில், நடந்து போகும் தூரத்தில் இருந்திருக்கிறார்கள். சாந்தமூலனின் சகோதரி சாந்திசிறிதான் மகாசைத்தியம் என்ற பெரிய தூபிக்குப் புரவலர். வீரபுருஷதத்தனின் ஆறாம் ஆட்சியாண்டில் வேலை நிறைவேறியதாக அங்கிருந்த தூண் கல்வெட்டுகள் சொல்கின்றன. வீரபுருஷதத்தன் அவளுக்கு மருமகனும் ஆவான். பெரும்பாலும் ஆண்கள் வேதம், பெண்கள் புத்தம் என்று ஒரே குடும்பத்துக்குள் இருந்த ஏற்பாடு இது. மேலே தீவில் அசுவமேதக் குளம் ஒரு மூலை, தூபி ஒரு மூலை என்று பார்க்கும்போது இரண்டும் இரண்டு பாடப்புத்தகப் படங்களாகத்தான் தெரிகின்றன. கீழே அவை ஒரே வீட்டு விஷயம்.

அந்தத் தூபியின் அமைப்பைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். வெளியே பார்த்தால் அரைக்கோளம். உள்ளே வண்டிச் சக்கரம் மாதிரி, நடுவிலிருந்து வெளிவட்டம் வரை செங்கல் சுவர்கள் ஆரங்களாக ஓடுகின்றன. இடைவெளியில் மண்ணை நிரப்பியிருக்கிறார்கள். விட்டம் சுமார் 32 மீட்டர். முழுக்கச் செங்கல்லால் நிரப்பாமல், எடையையும் பொருளையும் மிச்சம் பண்ணி, ஆனால் சரியாமல் நிற்கும்படி செய்த வேலை. தூபியின் நான்கு திசையிலும் மேடை, ஒவ்வொரு மேடையிலும் ஐந்து தூண். புத்தர் வாழ்க்கையின் ஐந்து கட்டங்களுக்கு ஐந்து. அப்பா அடித்தளத்தைச் சுற்றி வந்துவிட்டு, “கெட்டிக்காரப் பய கட்டியிருக்கான்,” என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாரும் வாங்கியதில்லை.

இனி, தெருவுக்கு வருகிறேன். எனக்குத் தெருவைக் காட்டியது ஒரு கல்வெட்டு. போதிசிறி என்ற உபாசிகை, அதாவது துறவு பூணாமல் புத்தரைப் பின்பற்றிய பெண், வீரபுருஷதத்தனின் 14-ம் ஆட்சியாண்டில் வெட்டி வைத்தது. சிறு தர்மகிரி என்ற குன்றின்மேல் கல்தளம் போட்ட சைத்தியக் கோயிலை, அதாவது தூபியை உள்ளே வைத்து வழிபடும் கோயிலை, கட்டி, தாமிரபரணித் தேரர்களுக்கு, அதாவது இலங்கைத் துறவிகளுக்கு, கொடுத்திருக்கிறாள். அந்தத் தேரர்கள் எந்தெந்த நாட்டவரை அறவழிக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது: காஷ்மீரம், காந்தாரம், சீனம், தோசலி, வங்கம், வனவாசி, யவனம் என்று நீள்கிறது. அதில் தமிழரும் உண்டு. கல் அந்த இடத்தில் சிதைந்திருப்பதால், மிச்ச எழுத்தை வைத்து ‘தமிள’ என்று நிரப்பிப் படிக்கிறார்கள் கல்வெட்டு ஆய்வாளர்கள். நம் பெயர் கிருஷ்ணாக் கரையில் ஒரு பெண்ணின் கல்வெட்டில் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்கு அடுத்த வரிகள்.

போதிசிறி தான் செய்த மற்ற திருப்பணிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். சிங்கள விகாரையில் போதிமரத்துக்கு ஒரு கோயில். பெரிய தர்மகிரியில் ஓர் அறை. மகாவிகாரையில் ஒரு மண்டபத் தூண். தேவகிரியில் தியானம் செய்ய ஒரு கூடம். பூர்வசைலத்தில் ஒரு குளமும் திண்ணையும் மண்டபமும். கண்டகசோலத்தில் பெரிய சைத்தியத்தின் கிழக்கு வாசலில் ஒரு கல் மண்டபம். புஷ்பகிரியில் ஒரு கல் மண்டபம். கூடவே தன் உறவினர்களை வரிசையாக நினைத்துக்கொண்டு புண்ணியத்தைப் பகிர்கிறாள்.

இதை முதலில் படித்தபோது காணிக்கைப் பட்டியலாகத்தான் தெரிந்தது. பள்ளத்தாக்கு மாதிரியைப் பார்த்த பிறகு படித்தபோது, தன் ஊரைச் சுற்றி நடந்த ஒருத்தியின் கால்தடமாகத் தெரிகிறது. பட்டியலில் எல்லாமே இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. கண்டகசோலம் கிருஷ்ணாவின் முகத்துவாரத்துப் பக்கம். ஆனால் விகாரைக்கு விகாரை போயிருக்கிறாள். இங்கே தண்ணீர் இல்லை, இங்கே நிழல் இல்லை, இங்கே உட்கார இடம் இல்லை என்று கண்ணால் பார்த்துத்தான் குளமும் திண்ணையும் மண்டபமும் கொடுத்திருக்க வேண்டும். அவள் கட்டிய சைத்தியம் இன்று மலைமேல் அவள் பெயரோடு இருக்கிறது. போய் நிற்கலாம். அவள் நடந்த வழிதான் இல்லை.

புல்லரெட்டிகூடெத்து மக்களும் தாங்கள் நடந்த வழியைத் தண்ணீருக்கு விட்டுவிட்டுத்தான் வெளியேறினார்கள். படகுத்துறையில் டீ விற்ற ஒருவர், தன் தாத்தா அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர் என்று தெலுங்கில் சொன்னார். எங்கே என்று கேட்டேன். தண்ணீரின் நடுவில், இரண்டு குன்றுகளுக்கு இடையில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கிருந்து மாச்சர்லாவுக்கு மாட்டுவண்டியில் போவார்கள் என்றார். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் வண்டிப்பாதை எந்தப் பக்கம் திரும்பும் என்று கையால் வளைத்துக் காட்டினார். அதை அப்பா உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மொழி புரியாவிட்டாலும் வழி சொல்வது அவருக்குப் புரியும்.

அனுப்புவில் இருக்கும் அரங்கம் எனக்கு வேறு விதமான நிறைவைக் கொடுத்தது. நடுவில் செவ்வகத் தரை, சுமார் 16 மீட்டருக்கு 13 மீட்டர். சுற்றிலும் படிப்படியாக இருக்கைகள். அப்பாவை ஒரு பக்கத்து மேல்படியில் உட்காரச் சொல்லிவிட்டு, நான் தரையில் நின்று, குரலை உயர்த்தாமல், “காலு வலிக்குதாப்பா?” என்று கேட்டேன். “இல்லத்தா, நல்லாருக்கு,” என்று பதில் வந்தது. குரல் மேலே போய்ச் சேருகிறது. இந்தக் கட்டுமானம் தன் வேலையைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது. நான்கு பக்கமும் மூடிய வடிவம், எங்கே தூக்கி வைத்தாலும் குரல் அதே மாதிரி போகும். படித்துறையின் வேலைக்கு ஆறு வேண்டும். எதை இடம் மாற்றலாம், மாற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்பதில் கட்டடத்துக்குக் கட்டடம் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. இனி எங்காவது அணை வந்து இதே நிலைமை ஏற்பட்டால், தேர்ந்தெடுக்கிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொரு ஆசையும் உண்டு. மலைமேல் உள்ள ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் பக்கத்தில், பள்ளத்தாக்கின் சின்ன வரைபடம் ஒன்றும், அதில் ‘இது இருந்த இடம்’ என்று ஒரு சிவப்புப் புள்ளியும் வேண்டும். எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பதற்கு ஓர் அம்புக்குறி. இவ்வளவுதான். ஒரு தகரப் பலகையில் முடிகிற வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏராளமாக வருகிறார்கள்; அம்புக்குறி காட்டும் பக்கம் திரும்பித் தண்ணீரைப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு ஒரு ஊர் தெரியும்.

போகிறவர்களுக்கு: படகு ‘விஜயபுரி தெற்கு’ என்ற இன்றைய ஊரிலிருந்து கிளம்புகிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, அன்று போகாதீர்கள். தீவில் இறங்கியதும் நேராக உள்ளே போய்ப் பள்ளத்தாக்கு மாதிரியைப் பாருங்கள். செல்பேசியில் மேலிருந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு வெளியே வந்து தூபி, படித்துறை, போதிசிறி சைத்தியம் என்று போகும்போது அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நடங்கள். வயதானவர்களோடு போனால் தண்ணீரும் குடையும் அவசியம். அனுப்புவுக்குச் சாலை வழியாகவே போகலாம், சாயங்கால வெயிலில் போவது நல்லது.

நான் இப்போது அலுவலகம் முடிந்த பிறகு, அச்சில் வந்திருக்கும் அகழாய்வு வரைபடங்களை வைத்து விஜயபுரியின் ஒரே தாள் வரைபடம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். கோட்டை, துறை, கோயில்கள், விகாரைகள், அவற்றில் போதிசிறியின் திருப்பணிகளுக்குத் தனி நிறம். முடிந்ததும் இங்கே போடுகிறேன். உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காலத்தில் அணை வேலைக்கோ அகழாய்வுக்கோ போயிருந்து, பள்ளத்தாக்கின் பழைய புகைப்படம் ஏதாவது பெட்டியில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். தூண், சிலை எல்லாம் வேண்டாம். பின்னணியில் ஒரு வண்டிப்பாதை தெரிந்தால் போதும்.